ஒரு நூறடிச் சுருளும் ஜிகர்தண்டாவும்

'ஜிகர்தண்டா' படத்தை 2014 ஆகஸ்டில் கோயம்புத்தூர்த் தியேட்டர் ஒன்றில் பார்த்தேன். அரங்கம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது படத்தின் குறையா, என் குறையா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

கார்த்திக் சுப்பராஜின் அந்தப் படத்தைப் பெரும்பாலோர் பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. தொலைக்காட்சியின் குறும்படப் போட்டியில் தோற்றுப்போன ஒரு இளைஞன். போட்டி மேடையிலேயே நடக்கும் ஒரு வாக்குவாதத்தின் வேகத்தில் தயாரிப்பாளர் ஒருவர் அவனுக்குப் படம் தருவதாகச் சொல்கிறார். பிறகு, உன் கதை வேண்டாம், ரத்தம் தெறிக்கும் ரவுடிக் கதை கொண்டு வா என்கிறார். அவன் மதுரைக்குப் போகிறான். அசால்ட் சேது என்ற நிஜ ரவுடியை 'ஸ்டடி' பண்ண வேண்டும். நெருங்க வழியில்லை. நண்பன் ஊரணியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சேதுவின் ஆள் ஒருவன் மேல் அவனுக்கே தெரியாமல் ஒலிவாங்கியைப் பொருத்தி ஒட்டுக்கேட்கிறான். அந்த ஆள் சேதுவின் கையால் செத்துப்போகிறான். பிடிபட்ட இயக்குநன் உயிர் தப்ப உண்மையைச் சொல்கிறான்: உன்னைப் பற்றிப் படம் எடுக்கத்தான் வந்தேன். சேதுவுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் தானே கதாநாயகன் என்கிறான். இயக்குநன் அவனை வைத்து, அவனுக்கே தெரியாமல், ஒரு சிரிப்புப் படம் எடுத்துவிடுகிறான். ஊர் சிரிக்கிறது. ரவுடி நடிகனாகிறான், இயக்குநன் ரவுடியாகிறான். நடிகனிடம் கால்ஷீட் வாங்க அடியாட்களோடு போகும் இயக்குநனோடு படம் முடிகிறது.

சேதுவாக நடித்த பாபி சிம்ஹாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. விவேக் ஹர்ஷனுக்கு எடிட்டிங்குக்காக. இரண்டும் நியாயமானவை. குறிப்பாக எடிட்டிங், ஏனென்றால் படத்தின் உள்ளே இருக்கும் மோசடியே எடிட்டிங்கில் நடக்கும் மோசடிதான். சேது உருகி உருகி நடித்தது வெட்டி ஒட்டியதில் கோமாளித்தனமாகிறது. நடிப்பு அவனுடையது, அர்த்தம் இன்னொருவனுடையது. சினிமா என்ற சாதனத்தின் சுபாவத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு தெளிவாகச் சொன்ன இன்னொரு வெகுஜனப் படம் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

ரவுடிகளுக்கு நடிப்புச் சொல்லித்தர வரும் வாத்தியார் முத்துவை மறக்க முடியாது. கையில் குச்சியை வைத்துக்கொண்டு கொலைகாரர்களை அழச் சொல்கிறார், சிரிக்கச் சொல்கிறார். நடித்த குரு சோமசுந்தரம் கூத்துப்பட்டறையில் பயின்றவர். சிறுபத்திரிகைகளில் எழுதிவந்த ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய பட்டறை அது. நாற்பது ஆண்டுகளாக நூறு பேர், இருநூறு பேர் பார்த்த நாடகங்களின் பயிற்சி, சுற்றி வளைத்து, ஒரு ரவுடிக் காமெடியின் வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வந்து சேரும் பாதைகளை நாம் தீர்மானிப்பதில்லை.

எனக்குச் சிரிப்பு வராத இடம் அந்த ஒலிவாங்கி. அதற்குக் காரணம் நான் முப்பத்தோரு வருஷம் முன்னால் செய்த காரியம்.

1983 ஜனவரி. குன்னூரில் நாங்கள் நாலு பேர். ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர், தேயிலை ஃபேக்டரி ஒன்றில் எலக்ட்ரீஷியன், குமாஸ்தாவாக நான். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பைத்தியம். முந்தின வருஷம்தான் பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' வந்திருந்தது. கேத்தி ஸ்டேஷனில் மழையில் கமல்ஹாசன் ஓடிய இடத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் 1979-ல் படுகு மொழியிலேயே ஒரு படம் வந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் மலையை ஒரு திரைச்சீலை மாதிரி பின்னால் தொங்கவிட்டுவிட்டுப் போகிறார்கள், அந்தப் பச்சையில் குனிந்து நிற்கிறவர்கள் யாரென்று யாரும் கேட்பதில்லை, நாம் கேட்போம். இதுதான் எங்கள் சித்தாந்தம். மோசமான சித்தாந்தம் அல்ல என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து 16 மி.மீ. போலெக்ஸ் காமிராவை நாள் வாடகைக்குக் கொண்டுவந்தோம். சாவி கொடுக்கும் காமிரா. முழுக்க முறுக்கினால் இருபத்தெட்டு வினாடி ஓடும், பிறகு நின்றுவிடும். நூறடிச் சுருள் என்பது இரண்டே முக்கால் நிமிஷம். உலகத்தை இருபத்தெட்டு வினாடித் துண்டுகளாகப் பார்க்கும் பழக்கம் அந்த மாதம் எனக்கு வந்தது. கவிதை எழுதுகிறவனுக்கு அது நல்ல பயிற்சி.

ஃபிலிம்தான் பிரச்னை. வேடிக்கை என்னவென்றால், ஃபிலிம் செய்யும் தொழிற்சாலை எங்கள் மலையிலேயே இருந்தது. மத்திய அரசு 1960-ல் ஊட்டியில் நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். பிரெஞ்சுக்காரர்களின் தொழில்நுட்ப உதவியோடு 1967-ல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும், போட்டோக் காகிதமும், எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து தேசம் முழுக்கப் போயின. தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டுமென்று தேடிக் கட்டிய இடம். உள்ளே வேலை செய்கிறவர்கள் இருட்டிலேயே நடந்து, இருட்டிலேயே பேசிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டு எனக்கு அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு மயக்கம். ஆனால் அங்கே போய் நாலு சுருள் கேட்க எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை. பெரிய படங்களில் மிச்சமான துண்டுகளைச் சென்னையிலிருந்து தெரிந்தவர் ஒருவர் மூலம் வரவழைத்தோம். நூறடியில் மூன்று சுருள். மூன்றாவது கெட்டுப்போனது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

எஸ்டேட்டுக்குள் போக அனுமதி வேண்டும். எங்கள் முதல் குற்றம் அங்கே. சுகாதாரம் பற்றி ஒரு குறும்படம் எடுப்பதாக ஒரு கடிதம் தயாரித்தோம். ஸ்டுடியோக்காரர் லெட்டர்ஹெட் அச்சடித்தார். இல்லாத ஒரு சங்கத்துக்கு நான் செயலாளராகக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தைப் போடும்போது நாலு பேரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. 'பாதேர் பாஞ்சாலி'க்கு மேற்கு வங்க அரசு கொடுத்த பணம் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டதாகச் சொல்லும் கதையை ஆசிரியர் எடுத்துவிட்டார். ரே செய்தால் ஞானம், நாம் செய்தால் ஃபோர்ஜரியா என்றார். எஸ்டேட் ரைட்டர் கடிதத்தைப் படித்தார், துரையிடம் போனார், வந்தார், இரண்டு நாள் என்றார். இதுவரை காமெடிதான். இதை அப்படியே படமாக எடுத்தால் ஜனங்கள் சிரிப்பார்கள்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சிலோனிலிருந்து 1972-ல் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள் அல்லவா, அந்தப் பங்கில் ஒரு ஆள். அரசு தேயிலைத் தோட்டத்தில் இடம் கிடைக்காமல் தனியார் தோட்டத்தில் சேர்ந்திருந்தார். இங்கே எல்லோரும் லைன் என்பதை அவர் மட்டும் லயம் என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரைப் பேசவைக்க வேண்டுமென்று எனக்கு ஆசை. மொழியின் மேல் உள்ள ஆசை என்று அதற்குக் கௌரவமாகப் பெயர் வைத்துக்கொண்டேன்.

காமிராவைப் பார்த்தால் அவர் பேசவில்லை. முதல் நாள் முழுக்கக் கைகளை மட்டும் எடுத்தோம். இரண்டாம் நாள் எலக்ட்ரீஷியன் ஒரு யோசனை சொன்னார். அவரிடம் சின்ன நேஷனல் பானசோனிக் இருந்தது. நான் ஸ்வெட்டருக்குள் அதை வைத்து, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டேன். மத்தியானக் கஞ்சி வேளையில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். மண்டபம் முகாமில் கழிந்த நாட்கள். கப்பலில் வாந்தியெடுத்த குழந்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, எடை போடும்போது கூடைக்கு என்று எவ்வளவு கழிக்கிறார்கள், மழை நாளில் ஈரத்துக்கு என்று எவ்வளவு, அதில் யாருக்கு என்ன. பேர் சொல்லித்தான் சொன்னார். நாற்பது நிமிஷம். போகும்போது கேட்டார்: "தம்பி, இந்தப் படத்த யாருக்குக் காட்டுவீங்க?"

"எல்லாருக்கும்தாம்மா" என்றேன்.

கையைத்தான் காட்டப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

அந்த நாடாவை ஆசிரியர் தன் நண்பர்கள் சிலருக்குப் போட்டுக் காட்டினார். பெருமை தாங்கவில்லை. ஒரு வாசகசாலையின் பின்னறை. பத்துப் பேர் இருப்பார்கள். 'இதுதான் யதார்த்தம்' என்று ஒருவர் சொன்னதாக ஞாபகம். பத்துப் பேர் என்பது எங்களுக்குச் சபை. ஆனால் குன்னூர் போன்ற ஊரில் பத்துப் பேர் என்றால் ஊர். மூன்று வாரத்தில் விஷயம் எடை போடுகிறவர் காதுக்குப் போய்விட்டது. அந்த அம்மாவைத் தூரத்துக் காட்டுக்கு மாற்றினார்கள். தினமும் போக வர நாலு மைல் ஏற்ற இறக்கம். தற்காலிக வேலையில் இருந்த மகனுக்கு அதற்குப் பிறகு பெயர் கூப்பிடவில்லை. துரைக்கு இதெல்லாம் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. சின்ன இடத்தில் செய்யும் சின்னப் பழி. யாரும் சாகவில்லை. எந்தப் படத்திலும் இது ஒரு ஸீனாகக்கூடத் தேறாது.

நாங்கள் என்ன செய்தோம்? கூடிப் பேசினோம். போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றார் ஸ்டுடியோக்காரர். போனால் இன்னும் கேடு என்றார் எலக்ட்ரீஷியன், அவருக்கு அவர் வேலை. நாடாவை வைத்திருப்பது ஆபத்து என்று முடிவானது. ஆசிரியர் அதன் மேல் 'மூன்றாம் பிறை' பாட்டுகளைப் பதிந்துவிட்டார். நாற்பது நிமிஷம் ஒரு மனுஷி வாயைத் திறந்து பேசியதன் மேல் இளையராஜா. எங்கள் திரைப்பட இயக்கம் அதோடு முடிந்தது.

இதன் பிறகு பல வருஷம் நான் இந்தச் சம்பவத்தைக் காமெடியாகத்தான் சொல்லிவந்தேன். சாவி கொடுக்கும் காமிரா, பொய் லெட்டர்ஹெட், கெட்டுப்போன ஃபிலிம், பனி. சொன்ன இடத்தில் எல்லாம் நல்ல வரவேற்பு. அந்த அம்மாவின் பகுதியை விட்டுவிடுவேன். விட்டால்தான் கதை நிற்கும் என்று கை தானே கண்டுகொண்டது. சேதுவின் படத்தை வெட்டி ஒட்டிய கார்த்திக்குக்கும் எனக்கும் அதிக வித்தியாசமில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். 'ஜிகர்தண்டா'வின் பெரிய பலம், சினிமாவும் ரவுடித்தனமும் ஒரே சுபாவமுள்ளவை என்று அது கண்டுகொண்டது. இரண்டும் மனிதர்களைப் பயன்படுத்துபவை. இரண்டுக்கும் முதல் போட ஆள் வேண்டும். இரண்டிலும் பயம்தான் நாணயம். கடைசிக் காட்சியில் இயக்குநன் ரவுடியாக நிற்கும்போது படம் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. தமிழ் வெகுஜன சினிமாவில் இது அபூர்வம். ஆனால் அந்தக் கூண்டில் ஏறியவனைப் பார்த்தும் நாம் சிரித்துவிட்டு எழுந்து போகிறோம். ஒலிவாங்கியைச் சுமந்து செத்தவனைப் படம் திரும்பிப் பார்ப்பதில்லை. அவனும் ரவுடிதானே என்பது சமாதானம். சிரிப்பு சேதுவின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்குகிறது, சரி. இயக்குநன் கையிலிருந்த கறையையும் அதே சிரிப்புக் கழுவிவிடுகிறது. இந்த இரண்டாவது வேலையைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

பெல்ஜியத்திலிருந்து 1992-ல் வந்த 'மேன் பைட்ஸ் டாக்' படத்திலும் இதே விஷயம். ஒரு கொலைகாரனைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் இளைஞர்களுக்குப் பணம் தீர்ந்துபோகிறது. கொலைகாரனே முதல் போடுகிறான். மெல்ல மெல்லப் படப்பிடிப்புக் குழு பிணங்களைத் தூக்க உதவுகிறது, பிறகு குற்றத்திலேயே பங்கு கொள்கிறது. அங்கேயும் முதலில் சிரிக்கிறோம். ஒரு கட்டத்தில் சிரிப்புத் தொண்டையில் நின்றுவிடுகிறது. சிரித்ததற்காக நாம் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. 'ஜிகர்தண்டா' அந்த வெட்கத்துக்குள் நம்மை அழைத்துப்போகவில்லை. போயிருந்தால் ஓடியிருக்காது என்பார்கள். இருக்கலாம்.

2023 நவம்பரில் வந்த 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' இந்தக் கடனைத் தீர்க்கப் பார்த்தது என்றே எனக்குப் படுகிறது. 1970-களின் மத்தியில் நடக்கும் கதை. ரவுடி சீசரைக் கொல்ல அனுப்பப்பட்ட கிருபை, சத்யஜித் ராயிடம் வேலை பார்த்தவன் என்று பொய் சொல்லிக்கொண்டு, ரே தாசன் என்ற பெயரில் இயக்குநனாக வேஷம் போடுகிறான். எங்கள் லெட்டர்ஹெட் ஞாபகம் வராமல் இருக்குமா! வேஷமாகத் தொடங்கிய காமிரா, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு ஜனங்கள் அரசின் துப்பாக்கிகளால் அழிக்கப்படுவதற்குச் சாட்சியாகிறது. பொய் மெய்யாகும் அந்த இடம் என்னைக் கலக்கியது. ஆனாலும் ஒரு சந்தேகம் மிஞ்சியது. காட்டு ஜனங்கள் செத்துத்தான் இயக்குநன் கலைஞனாக வேண்டியிருக்கிறது. தங்களைப் பற்றிய படத்தை அவர்கள் பார்ப்பதில்லை.

நம் சூழலில் இந்தக் கேள்வியைச் சரியாகச் சந்தித்தவர் ஜான் ஆபிரகாம் என்று நினைக்கிறேன். வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத 1977-ல் அவர் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பிறகு தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டுக் காட்டாமலே நிறுத்திக்கொண்டார்கள். நம்மவர்கள் இந்தப் படத்தின் வறுமையையும் புறக்கணிப்பையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதைவிட முக்கியம் அதற்குப் பின் ஜான் செய்தது. 1984-ல் கோழிக்கோட்டில் ஒடெஸ்ஸா என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் நேரடியாகப் பணம் கேட்டு 'அம்ம அறியான்' எடுத்தார். 1986-ல் முடிந்த படத்தை அதே ஜனங்களிடம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். மறு வருஷம் ஜான் இறந்துபோனார். தமிழில் ஜெயபாரதி 1979-ல் 'குடிசை'யைப் பலரிடம் பணம் திரட்டி எடுத்ததும் இந்த வகைதான். நான் சொல்ல வருவது பணத்தைப் பற்றி அல்ல. கேட்டு வாங்கியதற்கும் தெரியாமல் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி. கேட்டு வாங்கியவனுக்குக் கடன்காரன் யாரென்று தெரியும். திரும்பிப் போய் அவன் முகத்தில் விழிக்க வேண்டும்.

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு ஒரு நோய் உண்டு. நம் வறுமையையே நம் யோக்கியதைக்கு அத்தாட்சியாக நீட்டுவோம். முன்னூறு பிரதி, அச்சகப் பாக்கி, தபால் தலைக்குக் காசில்லை. ஆகவே நாம் சுத்தம். 1983-ல் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பெரிய கம்பெனி ஒன்று கோட்டுக்குள் டேப்ரிக்கார்டரை மறைத்துக்கொண்டு போயிருந்தால் அதைச் சுரண்டல் என்று கட்டுரை எழுதியிருப்பேன். நான் போனதால் அது கலை. கைக்காசு போட்டு எடுத்ததால் எடுத்ததெல்லாம் எங்களுடையது என்று ஆகிவிடவில்லை. ஏழைக் கலைஞனும் இன்னொருவருடைய வாயிலிருந்து எடுக்கிறான்.

போட்டோ ஃபிலிம் தொழிற்சாலை 1990-களில் நலிந்தது. வண்ணமும் பிறகு டிஜிட்டலும் வந்து கறுப்பு வெள்ளையை விழுங்கின. இப்போது மூடிக் கிடக்கிறது. அந்த ஊருக்கு இந்து நகர் என்ற பெயர் மட்டும் மிச்சம். ஃபிலிமுக்கு அலைய வேண்டியதில்லை. எந்தப் பையனும் சட்டைப்பையில் காமிராவோடும் ஒலிவாங்கியோடும் மலையேறுகிறான். நாங்கள் ஒரு மாதம் திட்டமிட்டுச் செய்த குற்றத்தை ஒரு விரலால் செய்துவிடலாம்.

எங்கள் இரண்டு சுருள்களில் ஒன்று முழுக்கப் பனி. இன்னொன்றில் ஒரு முழுச் சாவி நன்றாக வந்திருந்தது. இருபத்தெட்டு வினாடி அந்த அம்மாவின் கைகள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேல் பின்னால் பார்க்காமலே கூடையில் போடும் கைகள். ஸ்டுடியோக்காரர் இறப்பதற்கு முன் அந்த டப்பாவை என்னிடம் கொடுத்தார். திறந்தால் காடி வாடை அடிக்கிறது. அசிடேட் ஃபிலிம் அழியும்போது அப்படித்தான் அடிக்குமாம்.

அந்த அம்மா 1990-களிலேயே போய்விட்டார். பேத்தி குன்னூர் மார்க்கெட்டில் ஒரு கடையில் வேலை பார்க்கிறாள். எனக்கு அவளைத் தெரியும். அவளுக்கு என்னைத் தெரியாது. கொண்டுபோய்க் காட்ட வேண்டும். புரொஜெக்டர் இல்லை என்பது பல காலம் நான் சொல்லிவந்த சாக்கு. இப்போது சென்னையில் கொடுத்தால் டிஜிட்டலில் மாற்றித் தருகிறார்கள், செல்போனிலேயே காட்டிவிடலாம் என்று ஆகிவிட்டது. இன்னும் போகவில்லை. பார்த்துவிட்டு அவள் ஒன்றுதான் கேட்பாள், பாட்டி என்ன பேசினாங்க என்று. என்னிடம் இருப்பது பாட்டுத்தான்.